பதநீரில் போதை உண்டா? விடை கலயத்துக்குள் இருக்கிறது!

கோடைக்காலத்தில் திண்டிவனம் தாண்டி விழுப்புரம் நோக்கிப் போகிறவர்கள், சாலையோரத்தில் நுங்கும் பதநீரும் விற்பதைப் பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்தும் பலருக்கும் ஒரு தயக்கம் வரும்: “இதைக் குடிச்சா போதை ஏறுமா? வண்டி ஓட்டலாமா?”

இதே சந்தேகம் ஹாரி பாட்டர் ரசிகர்களுக்கும் உண்டு. அந்தக் கதையில் பள்ளி மாணவர்கள் ‘பட்டர்பியர்’ குடிக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வின்கி என்ற குட்டி எல்ஃப் அதைக் குடித்தே தள்ளாடுகிறது. அது கற்பனை பானம், விவாதம் முடியாது. பதநீருக்கோ தெளிவான பதில் இருக்கிறது.

ஒரே மரம், ஒரே சாறு

பனையின் பாளையைச் சீவினால் சொட்டுவது இனிப்பான சாறு. அதில் சுமார் 10 சதவீதத்துக்கு மேல் சர்க்கரை. சும்மா விட்டால் காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அந்தச் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றத் தொடங்கும். சில மணி நேரத்தில் அது கள். ஆல்கஹால் அளவு சுமார் 4 முதல் 5 சதவீதம், அதாவது சாதாரண பீர் அளவு. இன்னும் விட்டால் புளித்து வினிகராகிவிடும்.

கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிவிட்டால் கதையே வேறு. சுண்ணாம்பின் காரத்தன்மையில் ஈஸ்ட் வேலை செய்யாது. சர்க்கரை சர்க்கரையாகவே இருக்கும். அதுதான் பதநீர். ஒழுங்காகச் சுண்ணாம்பு போட்ட புதுப் பதநீரில் போதை கிடையாது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள்ளுக்குத் தடை. பதநீர் இறக்கலாம், கள் இறக்கினால் வழக்கு. பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியில் கள்ளுக்கடைக்கு அனுமதி உண்டு. டாஸ்மாக் பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால் இருக்கும்போது கள்ளுக்கு மட்டும் ஏன் தடை என்பது விவசாய அமைப்புகளின் நீண்டகாலக் கேள்வி.

எது எப்படியோ, மரமேறிக்கு இது பிழைப்புப் பிரச்சினை. சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும், வழக்கு வரலாம். கூடினால் நாக்கு பொத்துப்போகும், வாங்க ஆள் வராது. அந்த அளவு அவர் கைப்பழக்கத்தில்தான் இருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க

புதுப் பதநீர் இனிக்கும், நுரைக்காது. புளிப்பு வாடையும் நுரையும் வந்தால் புளிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். பாட்டிலில் இறுக மூடி, வெயிலில் நிற்கும் காருக்குள் மணிக்கணக்கில் வைக்காதீர்கள். சென்னை போய்ச் சேரும்போது அது பதநீராக இருக்கும் என்று சொல்ல முடியாது. பனை ஓலைப் பட்டையில் வாங்கி, அங்கேயே நின்று குடித்துவிட்டுக் கிளம்புவதே நல்லது!