ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உடம்பெல்லாம் வலி



நம் அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் ஒரு வகை உண்டு. மனுவோடு ஒரு பை நிறைய எக்ஸ்ரே, ஸ்கேன், இரத்தப் பரிசோதனைச் சீட்டுகள் வரும். செஞ்சி, திண்டிவனம், புதுச்சேரி என்று அலைந்த ஊர்களெல்லாம் அதில் தெரியும். எல்லாவற்றிலும் 'நார்மல்' என்றே இருக்கும். ஆனால் அந்தச் சகோதரிக்குக் கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, முழங்கால் என்று வலிக்காத இடமில்லை. "அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்பார். இன்னொரு ஸ்கேனுக்குப் பணம் வேண்டும் என்பதே கோரிக்கை.

இப்படி மூன்று மாதத்துக்கு மேல் உடம்பின் பல பகுதிகளிலும் வலி, தூங்கி எழுந்தாலும் தீராத அசதி, மறதி, கவனக் குறைவு எல்லாம் சேர்ந்து இருந்தால், அது ஃபைப்ரோமயால்ஜியாவாக இருக்கலாம். நூறு பேரில் இரண்டு முதல் நான்கு பேருக்கு இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. பெண்களுக்கு அதிகம். இதைக் காட்டும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ கிடையாது. பரிசோதனைகள் செய்வது தைராய்டு குறைவு, இரத்தசோகை, வைட்டமின் டி குறைவு, மூட்டுவாதம் போன்ற வேறு காரணங்கள் உண்டா என்று பார்க்கத்தான். அவற்றை ஒருமுறை ஒழுங்காகப் பார்த்துவிட்டால், அதே பரிசோதனையை ஊர் ஊராகப் போய்த் திரும்பச் செய்வதில் பயனில்லை.

ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லை என்றதும் வீட்டில் என்ன நடக்கிறது? "வேலைக்குச் சோம்பல்", "எல்லாம் மனசுதான்" என்று மாமியார் சொல்கிறார். கணவர் வாய் திறப்பதில்லை. சிலர் தாயத்து தேடிப் போகிறார்கள். இந்த வலி நடிப்பல்ல. காயம் பட்ட இடத்திலிருந்து நரம்புகள் செய்தி அனுப்ப, மூளையும் தண்டுவடமும் அதை வலியாக உணர்த்துகின்றன. ஃபைப்ரோமயால்ஜியாவில் அந்தச் செய்தியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு சரியாக வேலை செய்வதில்லை. ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்தால் மெல்லிய பேச்சும் காதைப் பிளப்பது போல, மற்றவர்களுக்குத் தொடுதலாகத் தெரிவது இவர்களுக்கு வலியாகத் தெரிகிறது. உலக வலி ஆய்வுச் சங்கம் 2020ல் வலிக்கான தன் விளக்கத்தைத் திருத்தியபோது, ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதியது. நம் வீடுகளில் ஒட்டி வைக்க வேண்டிய வரி அது.

இனி சிகிச்சை. ஐரோப்பிய வாத நோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு, மாத்திரைகள், அக்குபங்சர், தியானம், வெந்நீர்ச் சிகிச்சை என்று எல்லாவற்றின் ஆய்வுகளையும் எடுத்துப் பார்த்து 2016ல் பரிந்துரைகளை வெளியிட்டது. அதில் உறுதியாகப் பரிந்துரைக்கப்பட்டது ஒன்றே ஒன்று: உடற்பயிற்சி. மற்றவற்றில் பலவும் 'செய்து பார்க்கலாம்' என்ற அளவில்தான். பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021ல், காரணம் தெரியாமல் நீடிக்கும் இவ்வகை வலிக்குப் பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. நாம் மெடிக்கல் ஷாப்பில் பெயர் சொல்லி வாங்கும் பெயின்கில்லர்கள் இவைதான். இந்த வலிக்கு அவை பெரிதாக உதவுவதில்லை. வருடக் கணக்கில் விழுங்கினால் ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். (மருத்துவர் உங்களுக்கென்று எழுதிக் கொடுத்து நீங்கள் சாப்பிட்டு வரும் மாத்திரையை இதைப் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். சிலருக்குத் தேவைப்படும் வேறு மருந்துகள் உண்டு.)

"வீட்டு வேலை, வயல் வேலை, கடலை ஆய்வது, இதற்கு மேல் என்ன உடற்பயிற்சி?" என்று சகோதரிகள் கேட்பது நியாயம்தான். ஆனால் குனிந்தபடியே, ஒரே பக்கமாக, அவசரமாகச் செய்யும் வேலை உடம்பை அசத்துகிறதே தவிரப் பயிற்சியாவதில்லை. பயிற்சி என்பது அளந்து செய்வது. முதல் வாரம் சமதரையில் ஐந்து நிமிட நடை போதும். ஃபஜ்ருக்குப் பிறகோ அஸருக்குப் பிறகோ, தினமும் ஒரே நேரத்தில். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். சில மாதங்களில் இருபது, முப்பது நிமிடத்துக்கு வந்துவிடலாம். தொடக்கத்தில் வலி கொஞ்சம் கூடும். அது கேடு நடக்கிறது என்பதன் அடையாளமல்ல; ஆனால் இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். தசைக்கு வலுவூட்டும் சிறு பயிற்சிகளை ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு வீட்டிலேயே செய்யலாம்.

இன்னொன்று, கடைப்பிடிக்கக் கடினமானது. உடம்பு கொஞ்சம் தேவலை என்ற நாளில் தேங்கிய துணி முழுவதையும் துவைத்து, வீட்டையும் கழுவிவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது நம் பெண்களின் வழக்கம். வலி வந்த பிறகு உட்காராமல், கடிகாரத்தைப் பார்த்து உட்காருங்கள். இருபது நிமிட வேலை, பத்து நிமிட ஓய்வு. நல்ல நாளிலும் அதே கணக்குதான். இது மருமகள் தனியாக முடிவு செய்து நடக்கிற காரியமல்ல. பெருநாள் சமையலைப் பங்கு போட்டுக்கொள்ள வீட்டார் இசைந்தால்தான் நடக்கும். ஆண்களும் பாத்திரம் தேய்க்கலாம், தடையில்லை.

தூக்கத்தைப் பற்றி ஒரு பழைய ஆய்வு உண்டு. கனடாவில் மோல்டோஃப்ஸ்கி என்ற மருத்துவர் 1975ல், நலமாக இருந்த இளைஞர்களை ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகவிடாமல் சில இரவுகள் தடுத்துப் பார்த்தார். அவர்களுக்கும் தசை வலியும் அழுத்தினால் நோவும் வந்தன. வலி தூக்கத்தைக் கெடுக்கும், கெட்ட தூக்கம் வலியைக் கூட்டும். ஆகவே படுக்கும் நேரமும் எழும் நேரமும் மாறாமல் இருக்கட்டும். மாலைக்குப் பிறகு டீ வேண்டாம். படுக்கையில் செல்போன் வேண்டாம். ரமளானில் தராவீஹ், சஹர் என்று இரவு துண்டாகும்போது வலி கூடுவது பலருக்கும் அனுபவம். லுஹருக்குப் பின் சிறு தூக்கம் போட்டு, பகல் வேலையைக் குறைத்துக்கொள்ளுங்கள். ருகூவும் சஜ்தாவும் முடியாதவர்கள் நாற்காலியில் அமர்ந்து தொழ மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதற்காக யாரும் கூச வேண்டியதில்லை, யாரும் கேள்வி கேட்கவும் வேண்டாம்.

வெந்நீர்க் குளியல், ஒத்தடம், நிதானமான மூச்சுப் பயிற்சி ஆகியவை தற்காலிக ஆறுதல் தரும், தீங்கில்லை. கவலையும் பயமும் வலியைக் கூட்டும் என்பதால் மனநல ஆலோசனையும் இச்சிகிச்சையின் பகுதிதான். அதற்குப் போனால் பைத்தியம் என்று பொருளல்ல.

ஹிஜாமா பற்றிக் கேட்கிறார்கள். அது சுன்னத் என்ற மரியாதை நமக்கு உண்டு. இந்த வலிக்கு அது எவ்வளவு உதவும் என்பதற்கு இதுவரை உள்ள ஆய்வுகள் சிறியவை, உறுதியானவை அல்ல. செய்துகொள்வதானால் பயிற்சி பெற்றவரிடம், புதிய பிளேடு, புதிய கப் என்று கண்ணால் பார்த்துச் செய்துகொள்ளுங்கள். இரத்தசோகை உள்ளவர்களும் இரத்தம் உறையாமைக்கு மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பெயரில்லாத பொட்டலத்தில் விற்கும் வலிப் பொடிகளை மட்டும் வாங்கவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பரிசோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வலி பறந்துவிடும். பிறகு சர்க்கரை ஏறும், எலும்பு தேயும்.

மூட்டு வீக்கம், காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கை கால் பலம் குறைதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் மேலே சொன்னவற்றில் காலம் கடத்தாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், மூட்டுவாத நோய்களுக்குத் தனித் துறை உள்ள புதுச்சேரி ஜிப்மரும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன.

வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு உண்டு. சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வருகிற அதே திட்டம்தான். பிசியோதெரபியும் அதில் உண்டென்று பலருக்குத் தெரியவில்லை. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, வீட்டுக்கு வரும் சுகாதாரத் தன்னார்வலரிடமோ பெயரைப் பதிந்துகொள்ளுங்கள்.

நீடித்த வலிக்காக ஸ்கேன் உதவி கேட்டு மனுச் செய்வோர், அந்த ஸ்கேன் எதற்கு என்று மருத்துவர் எழுதிய சீட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் சேர்த்துக் கொடுங்கள். பிசியோதெரபிக்குப் போய்வர பஸ் செலவு வேண்டுமென்றாலும் தயங்காமல் கேட்கலாம். அஸருக்குப் பிறகு அலுவலகம் திறந்திருக்கும். நடக்க முடியாத சகோதரிகள் வர வேண்டியதில்லை. வீட்டிலிருந்து யாராவது வந்தால் போதும்.