முதலில் எதைப் பார்ப்பது?

ஆம்பூரில் தோல் தரம் பிரிக்கிறவர் மேஜைப் பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். விரித்த தோலை மூலைமுடுக்கெல்லாம் அவர் தடவிக்கொண்டிருப்பதில்லை. உரிக்கும்போது கத்தி பட்ட பெரிய வெட்டு ஒன்று தட்டுப்பட்டால் போதும்; முதல் தரத்திலிருந்து அது இறங்கிவிடும். மிச்ச இடமெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தும் பயனில்லை. அதனால் பழுது எங்கே இருக்கும் என்று தோன்றுகிறதோ, அங்கேதான் கை முதலில் போகும்.

செஸ் எஞ்சினுக்கும் இதே பிழைப்புதான். நல்ல நகர்வு ஒன்று ஏற்கெனவே அதன் கையில் இருக்கிறது. அடுத்த நகர்வைச் சோதிக்கும்போது, எதிராளியிடம் அதைக் கெடுக்கிற பதில் ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்த நகர்வைத் தூக்கிப் போட்டுவிடலாம். மற்ற பதில்களைப் பார்க்கவே வேண்டாம். ஆல்பா-பீட்டா வெட்டு என்பது இதுதான். ஆனால் கெடுக்கிற அந்தப் பதில் வரிசையில் 35-ஆவதாக நின்றால், முன்னால் பார்த்த 34-உம் தண்ட வேலை.

ஒரு நிலையில் 35 நகர்வுகள் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு இரண்டு நகர்வு ஆடி முடிப்பதற்குள் 15,00,625 நிலைகள். வரிசை கச்சிதமாக அமைந்தால் 2,449 போதும். டொனால்ட் நூத்தும் ரொனால்ட் மூரும் 1975-இல் எழுதிய ஆய்வின் கணக்கு அது. விடை மட்டும் இம்மியும் மாறாது.

கச்சிதமான வரிசை முன்கூட்டியே தெரிந்தால் தேடவே வேண்டாமே! ஆகவே ஊகம்தான். இதே நிலையை ஆழம் குறைவாகத் தேடியபோது ஜெயித்த நகர்வுக்கு முதல் இடம். அடுத்து, காய் வெட்டும் நகர்வுகள்: சிப்பாயால் ராணியை வெட்டுவது முன்னால், ராணியால் சிப்பாயை வெட்டுவது பின்னால். அப்புறம் ‘கில்லர்’. ஒரே லாட்டில் போன தோலுக்கு எந்த இடத்தில் வெட்டு இருந்ததோ, அடுத்த தோலிலும் அங்கேயே முதலில் பார்ப்பது போல, பக்கத்துக் கிளையில் வேலை செய்த பதிலை இங்கேயும் முதலில் போட்டுப் பார்ப்பது. எந்த நகர்வு அடிக்கடி பலித்தது என்று தேடல் முழுக்கப் பேரேடு வைக்கும் முறையை ஜோனதன் ஷாஃபர் 1983-இல் கொண்டுவந்தார்.

2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக செஸ் சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். டிங் லிரன் 55-ஆவது நகர்வாக ரூக்கை எஃப்-2 கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதை ரூக்கால் வெட்டினார். எந்த எஞ்சினும் ஆரம்பத்திலேயே எடுத்துப் பார்க்கிற ரகம் இது. அடுத்து அவர் பிஷப்பை டி-5-இல் கொண்டுபோய் நிறுத்தியதுதான் ஆளைச் சாய்த்தது. அது எதையும் வெட்டவில்லை. அந்த மாதிரி சத்தமில்லாத நகர்வை வரிசையில் மேலே தள்ளுவதற்குத்தான் கில்லரும் பேரேடும்.