தாமே பயின்ற ஓவியரும் வாழ்தொழிலும்

ஆசிரியர் ஒருவரிடம் முறையாகக் கல்லாது தாமே ஓவியம் பயின்று, அதனையே வாழ்தொழிலாகவும் கொண்டாரைப் பற்றிப் பேசுங்கால், அவர்தம் கைத்திறனையே பலரும் வியந்துரைப்பர். வியப்பும் அவ்வளவில் நின்றுவிடுகின்றது. வரையும் ஆற்றல் ஒன்று. அவ்வாற்றலால் உண்டு உடுத்து வாழும் வழி மற்றொன்று. முன்னது சிலர்க்கு இயல்பாகவே வாய்க்கலாம். பின்னது அங்ஙனம் வாய்ப்பதன்று. அதனை ஒருவர் தேடிப் பெறுதல் வேண்டும். அது தேடிப் பெறப்பட்ட நெறியினைத் தஞ்சையையும் அதனைச் சூழ்ந்த காவிரிநாட்டையும் நிலைக்களனாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

குலவழியில் ஓவியம் பயின்றானுக்கு அவன் குலமும் அவனைப் புரந்த அவையும் மூன்றனைக் கொடுத்தன. ஒன்று, பொருளறிவு, அஃதாவது பலகை, பசை, வண்ணம் முதலியவற்றின் இயல்பறிதல். இரண்டாவது, வேலை கொடுக்கும் புரவலர். மூன்றாவது, இவன் செய்தது பழுதாகாது என்னும் நம்பகம். தாமே பயில்வோர் இம்மூன்றனையும் ஒவ்வொன்றாகத் தாமே ஈட்டுதல் வேண்டும். வரையக் கற்பதைவிட இவற்றை ஈட்டுவதே கடிதாயிற்று என்பது நம் கருத்து.

1. பழைய வழக்கு

காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரத்து மருவூர்ப்பாக்கத்தில் வாழ்ந்த தொழிலாளருள் 'கண்ணுள் வினைஞர்' என்பாரைச் சிலப்பதிகாரம் வைத்துப் பேசுகின்றது. மதுரைக்காஞ்சியும் இப்பெயரை ஆளுகின்றது. காண்போர் கண்ணிடத்தே தம் தொழிலை நிறுத்துவோர் என உரையாசிரியர் இதற்குப் பொருள் கொண்டனர். ஏனைத் தொழிலாளரொடு சேர்த்து எண்ணப்பட்டமையின், ஓவியம் அக்காலத்தே நகரத்தார் வாழ்தொழில்களுள் ஒன்றாக இருந்தது என்பது பெறப்படும். மணிமேகலையோ நாடகக் கணிகையர் பயிலும் கலைகளுள் ஓவிய நூலையும் சேர்த்துரைக்கின்றது. எனவே, தொழிலாகக் கொள்வார் ஒருபுறமும் கலையாகப் பயில்வார் ஒருபுறமும் ஆக இருதிறத்தார் பண்டே இருந்தனர் எனலாம். தாமே பயிலும் ஓவியர் இவ்விருதிறத்தார்க்கும் இடையே நிற்பவராவர்.

1010-இல் நிறைவுற்ற தஞ்சைப் பெருங்கோயிலின் கருவறையைச் சூழ்ந்த உள்வழியிற் சோழர்கால ஓவியங்கள் உள்ளன. நாயக்கர் காலத்து ஓவியங்களின் கீழ் மறைந்து கிடந்த அவற்றை 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி கண்டு வெளிப்படுத்தினார். அவ்வோவியங்களில் வரைந்தார் பெயர் காணப்படவில்லை. வரைந்தார் தம் பெயரைப் பொறித்தல் வேண்டும் என்னும் தேவை அங்கு எழவில்லை. கோயிலும் அரசும் குலமுமே அவர்க்கு நம்பகம் தந்தன. பெயர் பொறிக்கும் தேவை எப்போது எழுந்தது என்பதைப் பின்னர்க் காண்பாம்.

2. பொருளறிவு

தஞ்சைப் பலகைப்படம் செய்யும் முறையை நோக்கினால், ஆசிரியனின் இன்றியமையாமை எதன்கண் உள்ளது என்பது விளங்கும். பலாமரப் பலகையின்மேல் துணி ஒட்டப்படும். அதற்குப் புளியங்கொட்டைப் பசை முதலியன பயன்பட்டன. துணியின்மேற் சுண்ணப் பொடியும் கோந்தும் கலந்த பூச்சு பலமுறை பூசப்பட்டு, காய்ந்தபின் வழவழப்பாகத் தேய்க்கப்படும். அத்தளத்தின்மேல் உருவம் வரையப்படும். பின்னர் மணிகள் பதித்து, அணிகலன், தூண், வளைவு ஆகியவற்றைச் சுண்ணக் குழைவால் மேடாக எழுப்பி, அவற்றின்மேல் தங்கரேக்கு ஒட்டுவர். வண்ணம் தீட்டுதலும் கோடு இழுத்தலும் இறுதியில் நிகழும்.

இவ்வரிசையில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. மரம் ஈரத்தால் விரியும், வெயிலாற் சுருங்கும். சுண்ணத்தளமோ அங்ஙனம் நெகிழாது. இடையில் நிற்கும் துணி மரத்தின் அசைவைத் தாங்கித் தளம் வெடியாமற் காக்கின்றது. பசை மிகுந்தால் தளம் பிளக்கும்; குறைந்தால் உதிரும். ஆறும் வாய்க்காலும் நீர்நிறை வயலும் சூழ்ந்து, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை பெய்யும் காவிரிநாட்டில் இவ்வளவறிவு உயிர்நாடி போன்றது. பிழை செய்த அன்றே பிழை தோன்றாது. ஒரு மழையும் ஒரு கோடையும் கழிந்த பின்னரே அது வெளிப்படும். அதற்குள் படம் வாங்கினோர் வீட்டுப் பூசையறையை அடைந்துவிடும்.

எனவே, ஆசிரியன் மாணாக்கனுக்குத் தருவது கைப்பழக்கம் மட்டும் அன்று. பல ஆண்டுகளின் விளைவைக் கண்ட அறிவையே அவன் தருகின்றான். உருவம் வரைதலைத் தாமே பயின்றவர் கோயிற் சுவரையும் பழைய படத்தையும் பார்த்துப் பார்த்துக் கைவரப் பெறலாம். தளத்தின் உள்ளே மறைந்து கிடப்பதைப் பார்த்துக் கற்க இயலாது. அதனை ஒன்று கேட்டு அறிதல் வேண்டும். அன்றேல் தம் காலத்தையும் பொருளையும் செலவிட்டுப் பட்டறிதல் வேண்டும்.

3. அவை ஒழிந்த பின்

மராட்டியர் ஆட்சியில், சிறப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி காலத்தில், தஞ்சை ஓவியம் செழித்தது. அரசவையேயன்றி வேறு புரவலரும் இருந்தனர். ஆங்கில அதிகாரிகள் இந்நாட்டுப் பல தொழிலினர், பல வகுப்பினர் உருவங்களைக் கணவனும் மனைவியுமாக இணைத்து வரைவித்து வாங்கினர். திருச்சிராப்பள்ளியில் அப்பிரகத் தகட்டின்மேல் வரையும் தொழில் இதன்வழி வளர்ந்தது. பசனை மடங்களும் செல்வர் இல்லங்களும் இராமர் பட்டாபிடேகம், வெண்ணெய்க் கண்ணன் முதலிய வழிபாட்டுப் படங்களை விரும்பின.

1855-இல் இரண்டாம் சிவாசி ஆண்மகவின்றி இறந்தபின் தஞ்சை அரசு ஒழிந்தது. அதன்பின் ஒளிப்படம் பரவவே, அதிகாரிகள் வாங்கிய உருவப்படங்களுக்கும் தேவை குறைந்தது. எஞ்சிய புரவலர் நிலக்கிழாரும் வணிகரும் ஆவர். நிலக்கிழார் செல்வம் நெல்லிலிருந்து வந்தது. ஆதலின் ஆறு பொய்த்த ஆண்டில் ஓவியன் வீட்டிலும் அடுப்பு மந்தமாதல் இயல்பே.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்றுண்டு. குலவழி ஓவியனுக்குப் பொருளறிவு எஞ்சியது, புரவலரோ எஞ்சவில்லை. வாங்குவோரைத் தேடித் தெருவிற்கு வந்த அளவில், அவனும் தாமே பயின்றவனும் ஒரே நிலையினராயினர். ஆசிரியனின்றிக் கற்றல் என்பது ஓவியத்திற்கு மட்டும் உரியதன்று. சந்தையில் வாழக் கற்றலும் அத்தகையதே. அதனைக் கற்பிக்கும் குலம் எதுவும் இல்லை.

4. இரவிவர்மர்

மேற்கூறிய மூன்றனையும் ஒருவர் ஈட்டிய வரலாற்றைத் தெளிவாகக் காட்டுவது, தஞ்சை முறையோடும் கும்பகோணத்தார் ஒருவரோடும் தொடர்புடைய இரவிவர்மர் வரலாறு. அவர் 1848-இல் கிளிமானூரிற் பிறந்தார். தஞ்சை முறை ஓவியத்திற் பழகிய தம் மாமன் இராசராசவர்மரிடம் தொடக்கப் பயிற்சி பெற்றார். 1862-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். ஆண்டு எண்ணெய் வண்ணத்தில் வல்லவராக இருந்த மதுரை இராமசாமி நாயக்கர் அம்முறையை அவர்க்குக் கற்பிக்க மறுத்தார். நாயக்கரின் மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை மறைவாகச் சில கூறினார். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பித்தாரல்லர். தாம் வரைவதைப் பார்த்திருக்க மட்டும் இசைந்தார்.

இவர்க்கு மறுக்கப்பட்டது யாது? உருவம் வரையும் திறம் அன்று. அது முன்னரே இவரிடம் இருந்தது. வண்ணத்தை எண்ணெயோடு குழைக்கும் அளவும், அடுக்கும் முறையும், காயவிடும் காலமுமே மறுக்கப்பட்டன. பொருளறிவே தொழிலின் காவல் என்பதனை நாயக்கரின் மறுப்பு நன்கு காட்டுகின்றது. தம் வாழ்வு எதனால் நிலைபெற்றுள்ளது என்பதை அவர் அறிந்திருந்தார். அதனால் அவரைக் குறுகிய உள்ளத்தினர் என எளிதில் பழித்தல் பொருந்தாது.

1873-இல் சென்னைக் கண்காட்சியில் இரவிவர்மர் பரிசு பெற்றார். அதன்பின் ஊர்தோறும் அரண்மனைதோறும் சென்று உருவப்படம் வரைதல் அவர் தொழிலாயிற்று. தம்பி இராசராசவர்மர் உடன்சென்று படம் வரைய உதவினார். பயணங்களை நாட்குறிப்பிலும் எழுதி வைத்தார். கும்பகோணத்திற் பிறந்து, திருவிதாங்கூரிலும் பின்னர் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ் இவர்க்குப் பரோடா அரசவைத் தொடர்பை உண்டாக்கினார். படங்களை அச்சிட்டுப் பரப்புமாறு அறிவுரையும் கூறினார். 1894-இல் பம்பாயில் வண்ணக் கல்லச்சகம் நிறுவப்பட்டது. அது கடனையே மிகுதியாகத் தந்தமையின் பின்னர்ச் செருமானியர் ஒருவர்க்கு விற்கப்பட்டது. பொருள் நட்டமாயினும் பெயர் நாடெங்கும் பரவியது. கோயிற் சுவரில் எழாத பெயர்த்தேவை இங்கே எழுந்தது. குலமும் அவையும் பிணை நில்லாவிடத்து ஓவியன் பெயரே பிணையாகின்றது.

அச்சுப்படங்கள் தமிழகத்தையும் அடைந்தன. தங்கரேக்குப் படம் வாங்க இயலாத எளியார் வீட்டிலும் தெய்வ உருவம் இடம்பெற்றது. சிலர் அவ்வச்சுப்படங்களின்மேற் சரிகையும் மணியும் ஒட்டி அணிசெய்தனர். தஞ்சை ஓவியனுக்கு அச்சுப்படம் ஒருபுறம் போட்டியாகவும் மறுபுறம் பார்த்துப் பழகும் பாடமாகவும் அமைந்தது.

5. கோபுலு

அச்சு ஓவியனின் வாழ்வைக் கெடுத்தது என்று மட்டும் கூறுதல் அமையாது. அதுவே புதிய புரவலராகவும் ஆயிற்று. 1924-இல் தஞ்சாவூரிற் பிறந்த கோபாலன் கும்பகோணத்து ஓவியப் பள்ளியிற் பயின்றார். அப்பள்ளி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்குகின்றது. அவர்க்குக் கோபுலு என்னும் பெயரை இட்டவர் ஆனந்த விகடன் ஓவியர் மாலி. 1941-இல் மாலி பணித்தவாறு, தியாகராசர் வழிபட்ட இராமர் பட்டாபிடேகப் படத்தைத் திருவையாற்றிற் பார்த்து விகடன் தீபாவளி மலர்க்கு வரைந்தார். பூசையறைக்கென எழுந்த படம் ஓர் இளைஞர்க்கு இதழுலகின் வாயிலாயிற்று.

கோபுலு பள்ளியிற் கற்றவரே. ஆயினும் வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த அளவில், கருங்கோட்டால் நகைச்சுவை தோன்ற வரைதலை அவர் தொழிற்களத்திலேயே பயின்றார். தில்லானா மோகனாம்பாள் தொடர்கதைக்கு அவர் வரைந்த படங்களில் நாகசுரக்காரரும் நாட்டியப் பெண்ணும் தஞ்சைநாட்டு மக்கட்கூட்டமும் உயிர்பெற்றன. முதுமையில் நோயால் அவர் வலக்கை செயலிழந்தது. அப்போது அவர் இடக்கையால் வரையப் பழகி மீண்டும் வரைந்தார். நாடறிந்த ஓவியர் ஒருவர் முதற் கோட்டிலிருந்து தாமே பயிலத் தொடங்கினார். கண்ணும் கருத்தும் முன்னரே கற்றிருந்தமையின் கை அவற்றைப் பின்தொடர்ந்தது. அவர் 2015-இல் மறைந்தார்.

6. முடிபு

இதுகாறும் கூறியவற்றால், தாமே பயிலுதல் என்பது ஒருவரிடமும் ஒன்றும் பெறாமை அன்று என்பது போதரும். மாமன் தந்த தொடக்கம், மாணாக்கன் மறைவாகக் கூறிய குறிப்பு, அயலான் வரையப் பார்த்த காட்சி, இதழாசிரியன் இட்ட பணி ஆகிய சிதறிய துணைகளை ஒருவர் தாமே தொகுத்துக் கொள்ளுதலே அதுவாம். பொருளறிவைக் கேட்டும் பட்டும் அறிந்து, புரவலரைத் தேடிச் சென்று, பெயரைக் காத்தவர்க்கே ஓவியம் வாழ்தொழிலாயிற்று. கைத்திறன் இருந்தும் இவற்றுள் ஒன்று வாயாமையால் தொழிலை விட்டார் பெயர் வரலாற்றில் ஏறுவதில்லை.

தஞ்சை ஓவியத்திற்கு இந்நூற்றாண்டின் முதற் பதின்மத்திற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. அது பெயரைக் காக்கும். பசையின் பதத்தைக் காவாது. பலாப்பலகைக்கு மாற்றாக ஒட்டுப்பலகையும், பழைய வண்ணங்களுக்கு மாற்றாகக் கடைவண்ணங்களும் வந்துள்ள இந்நாளில், தளத்தின் பக்குவத்தையும் அதனைக் குறிக்கும் தொழிற்சொற்களையும் பட்டறைதோறும் சென்று கேட்டுத் தொகுத்தல் தமிழாய்வாளர் கடமையாகும். சொல் மறைந்தால் அதன்வழி நின்ற செய்முறையும் மறையும். அங்ஙனம் தொகுத்த நூலொன்று இருப்பின், ஆசிரியன் வாயாத சிற்றூர் இளைஞனுக்கு அதுவே மறுக்காத ஆசிரியனாக அமையும்.