தோள் மீண்டால் தொழில் மீளும்

விடியற்காலையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் சென்றவர்கள் அங்கே நடமாடும் உலகை அறிவார்கள். சென்ட்ரலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் வரும் இருப்புப்பாதைகள் கூடிப் பிரியும் இடம் அது. கீழே பக்கிங்காம் கால்வாய். ஒரு புறம் வியாசர்பாடியும் புளியந்தோப்பும். மறு புறம் மூலக்கொத்தளமும் வண்ணாரப்பேட்டையும். சரக்கு லாரிகளும் மாநகரப் பேருந்துகளும் முட்டி மோதிச் செல்லும் அச்சாலையின் ஓரத்தில், யார் கண்ணிலும் படாமல் ஒரு படை நகர்ந்துகொண்டிருக்கும். பால் பாக்கெட்டுகள், மீன் கூடைகள், டீ கேன்கள், தண்ணீர் கேன்கள் ஆகியவற்றைச் சுமந்து செல்லும் சைக்கிள் படைதான் அது. பி அண்ட் சி ஆலையில் சங்கு ஊதிய காலத்தில் அப்பகுதியின் தெருக்களில் சைக்கிள்கள் ஆறுபோல் ஓடும் என்பார்கள் முதியோர். 1996இல் அந்த ஆலை மூடப்பட்டது. ஆனால் சைக்கிளை நம்பி அடுப்பு மூட்டும் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு.

இப்படையைச் சேர்ந்த ஒருவரை நாம் நன்கு அறிவோம். தண்ணீர் கேன் போடுகிறவர், வயது நாற்பத்தைந்து. கேன் ஒன்றில் 20 லிட்டர், அதாவது 20 கிலோ எடை. கேரியரின் இரு பக்கமும் தொங்கவிட்டு ஒரே நடையில் நான்கு கேன்களைக் கொண்டு செல்வார். ஐப்பசி மழையில் ஒரு நாள், தண்ணீர் தேங்கிய பள்ளம் கண்ணுக்குத் தெரியாமல் முன் சக்கரம் இறங்கிவிட, அவர் இடப்பக்கமாகச் சாய்ந்து தோள் தரையில் அறைய விழுந்தார். எழுந்து நின்றார், கால்கள் நன்றாக இருந்தன. இடக்கை மட்டும் தன் சொல்லைக் கேட்கவில்லை. அன்று தொடங்கிய அவருடைய ஐந்து மாதப் போராட்டமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

சைக்கிளும் காறை எலும்பும்

சைக்கிளிலிருந்து விழுகிறவர்களுக்குத் தோள் ஏன் இவ்வளவு எளிதில் அடிபடுகிறது? விழும்போது நாம் அறியாமலே கையை ஊன்றுகிறோம். அல்லது ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே தோளின் முனையில் போய் விழுகிறோம். எப்படி விழுந்தாலும் அடியின் வேகம் கழுத்தடியில் குறுக்காக ஓடும் காறை எலும்பை அடைகிறது. கையை உடலின் நடுக்கூட்டுடன் இணைக்கும் எலும்புப் பாலம் இது ஒன்றே. மற்ற இணைப்பெல்லாம் தசைகளே. தாயின் கருவில் முதன்முதலில் எலும்பாகத் தொடங்குவது காறை எலும்பு. முழு வளர்ச்சி அடைவதில் கடைசியாக நிற்பதும் அதுவே. முறியும்போது பெரும்பாலும் அதன் நடுப்பகுதியே முறிகிறது.

தோள் மூட்டின் அமைப்போ இன்னும் வியப்பானது. இடுப்பு மூட்டின் பந்து ஆழமான குழியில் அமர்ந்திருக்கிறது. தோளின் பந்து, சிறு தட்டின்மேல் வைத்த எலுமிச்சம்பழம் போல், ஆழமற்ற குழியில் தங்கி நிற்கிறது. அது நழுவாதபடி நான்கு தசைகளின் நாண்கள் அதைச் சூழ்ந்து பிடித்திருக்கின்றன. கையை எத்திசையிலும் சுழற்ற முடிவது இந்த அமைப்பால்தான். அதற்கு நாம் கொடுக்கும் விலை, தோள் எளிதில் நழுவுவதும் நாண்கள் எளிதில் கிழிவதும் ஆகும்.

முதல் நாளில் செய்ய வேண்டியது

நம் நண்பர் விழுந்தவுடன் அக்கம்பக்கத்தார் ஓடி வந்தனர். ஒருவர் எண்ணெய் தேய்த்து நீவினார். மற்றொருவர், "சுளுக்குத்தான், ஒரு இழுப்பில் சரியாகிவிடும்" என்று கையைப் பிடித்து இழுத்தார். அன்பினால் செய்தவைதாம், ஆனால் முறிந்த எலும்பின் கூர்முனை உள்ளே அசைந்ததுதான் கண்ட பலன். அன்றிரவு அவர் உறங்கவே இல்லை.

காறை எலும்பின் அடியில் கைக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடுகின்றன. இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் ராபர்ட் பீல் 1850இல் குதிரையிலிருந்து விழுந்து மூன்று நாட்களில் உயிர் நீத்தார். முறிந்த காறை எலும்பு அடியிலிருந்த இரத்தக் குழாயைக் கிழித்ததே காரணம் எனக் கருதப்படுகிறது. இத்தகைய ஆபத்து மிக அரிதே. எனினும் எக்ஸ்ரே எடுக்குமுன் நீவுவதும் இழுப்பதும் தகாது என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை. கையை மடக்கி, ஒரு புடவைத் துண்டால் கழுத்தில் தொட்டில் போலக் கட்டி, மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முதல் உதவி. விரல்கள் மரத்தாலும், கை வெளுத்துக் குளிர்ந்தாலும், மூச்சு விடச் சிரமப்பட்டாலும் ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

நம் மக்களிடையே புத்தூர் கட்டு பெரிதும் புகழ் பெற்றது. ஆந்திரத்துப் புத்தூரின் பெயரைத் தாங்கிய கட்டு நிலையங்களைச் சென்னையிலும் காண்கிறோம். பரம்பரையாகப் பயின்ற கைகளை நாம் இகழவில்லை. நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: எக்ஸ்ரே பார்த்து எலும்பு மருத்துவர் கூறுவதைக் கேட்காமல் எந்தக் கட்டும் வேண்டாம். கட்டு இறுகி விரல் வீங்கினால், நிறம் மாறினால், உடனே அவிழ்த்துவிட வேண்டும். இறுகிய கட்டினால் இரத்த ஓட்டம் நின்று கையையே இழக்க நேரிடும்.

கத்தி எப்போது தேவை?

காறை எலும்பு முறிந்த எல்லாருக்கும் அறுவைச் சிகிச்சை தேவையில்லை. முனைகள் அதிகம் விலகாதிருந்தால், துணித் தொட்டிலில் கையை வைத்து ஓய்வு கொடுத்தாலே இயற்கை தன் வேலையைச் செய்துவிடும். பெரியவர்களுக்கு எலும்பு கூட ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகலாம். முனைகள் வெகுவாக விலகி ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்தாலோ, குழாயும் நரம்பும் அடிபட்டிருந்தாலோ, உலோகத் தகடு வைத்துத் திருகாணியால் பொருத்துவார்கள். நாண் கிழிந்தவர்களுக்கு அதைத் தைத்து எலும்போடு சேர்ப்பதுண்டு. இதில் குணமடைய ஆறு மாதமும் அதற்கு மேலும் பிடிக்கும். புகை பிடித்தல் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும் என்பதையும் சைக்கிள் தொழிலாளர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

நம் நண்பருக்குத் தகடு வைக்க வேண்டியதாயிற்று. அரசு மருத்துவமனையில் அறுவை நல்லபடியாக முடிந்தது. பத்து நாட்களில் தையல் பிரித்தார்கள். துயரம் அதற்குப் பின்னரே தொடங்கியது.

இரு பகைவர்கள்

தோள் அடிபட்டவருக்குப் பகைவர் இருவர். ஒருவன் அவசரம், மற்றவன் அச்சம். அவசரக்காரர் வலி குறைந்தவுடன் சுமை தூக்குகிறார். தகடு வளைகிறது, திருகாணி கழல்கிறது, மறுபடியும் மேசை. அச்சக்காரர் கையை மார்போடு அணைத்துக்கொண்டு அசைக்கவே மறுக்கிறார். மூட்டைச் சூழ்ந்த உறை சுருங்கித் தடித்து, தோள் துருப்பிடித்த பூட்டாகிவிடுகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்விறுக்கம் எளிதில் வரும், அடிபடாமலேகூட வருவதுண்டு. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் 1934இல் இதற்கு 'உறைந்த தோள்' என்று பெயரிட்டார். அது தானாக இளகுவதற்கு ஓராண்டு முதல் மூன்றாண்டுகள் வரை ஆகலாம்.

நம் நண்பர் இரண்டாம் வகையினர். தையல் பிரித்த நாளிலேயே கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும்படி மருத்துவர் கூறியிருந்தார். பிசியோதெரபிக்கு வாரம் மூன்று நாள் வரவும் சொல்லியிருந்தார். இவரோ போகவில்லை. காரணம் கேட்டோம். "உள்ளே இரும்பு இருக்குதே, அசைச்சா கழண்டுடும்னு பயம்" என்றார். சற்று நேரம் கழித்து உண்மைக் காரணமும் வெளிவந்தது. மனைவி வேலைக்குப் போகும் வீடுகளில் லீவு போட்டால் கூலி இல்லை. தனியே பஸ்ஸில் ஏறிப் போகவோ இவருக்குத் தைரியம் இல்லை. எட்டு வாரம் கழித்துத் தொட்டிலை அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது. கையோ தோள் மட்டத்துக்குக்கூட உயரவில்லை. சட்டை போடவும் தலை வாரவும் பிறர் உதவி தேவைப்பட்டது.

பிசியோதெரபிப் பிரிவில் பணிபுரிந்த இளம்பெண் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. "அண்ணா, எலும்பை டாக்டர் சேர்த்து வச்சிட்டாரு. தோளை நீங்கதான் சேர்க்கணும்" என்றாராம். நாம் இதைவிடச் சிறப்பாகச் சொல்லிவிட முடியாது.

சுவரில் ஏறிய கரிக்கோடு

அப்பெண் கற்பித்த பயிற்சிகள் காசு செலவில்லாதவை. முதலாவது ஊசல் பயிற்சி. மேலே குறிப்பிட்ட காட்மன் பெயரால் வழங்குவது. நல்ல கையை மேசைமேல் ஊன்றிக் குனிந்து, அடிபட்ட கையைக் கிணற்று வாளிபோல் தளரத் தொங்கவிட்டு, உடலின் அசைவால் முன்பின்னாகவும் வட்டமாகவும் ஆடவிட வேண்டும். இரண்டாவது, படுத்தபடி ஒரு கம்பை இரு கையாலும் பிடித்து, நல்ல கையின் பலத்தால் மற்றதை உயர்த்துதல். மூன்றாவது, சுவர் ஏறுதல். சுவரை நோக்கி நின்று, விரல்களை எறும்புபோல் ஊரவிட்டு மேலே கொண்டு செல்ல வேண்டும். இவை எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே கூற வேண்டும். நாண் தைத்தவர்களுக்குச் சில வாரங்கள் தாமதித்தே இவற்றைத் தொடங்குவார்கள். ஆனால் விரல், மணிக்கட்டு, முழங்கை ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே அசைப்பது பெரும்பாலோருக்கு நன்று.

நண்பரின் மனைவி அதிகம் படித்தவர் அல்லர். ஆனால் எந்தப் புத்தகமும் சொல்லாத ஓர் உபாயம் கண்டார். தினமும் கணவரின் விரல் எட்டிய இடத்தில் சுவரில் ஒரு கரிக்கோடு போட்டார். "இன்னிக்குக் கோட்டைத் தாண்டினாத்தான் டீ" என்பார். சில நாள் ஒரு விரற்கடை உயர்ந்தது. சில நாள் அசையவே இல்லை. காய்ச்சல் கண்ட வாரத்தில் இறங்கியும் போயிற்று. அவ்வாரம் அவர் பழைய கோட்டை அழிக்கவில்லை. "எட்டின இடம்தானே, திரும்ப எட்டலாம்" என்றார். மகள் பள்ளி விட்டு வந்ததும் எண்ணிக்கை சொன்னாள். இவ்வாறு ஒருவருடைய தோள் ஒரு குடும்பத்தின் வேலையாயிற்று.

வீரமும் விவேகமும்

1956இல் இத்தாலிய நாட்டுச் சைக்கிள் பந்தயத்தில் ஃபியோரென்சோ மாக்னி என்னும் வீரர் விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். ஹேண்டில்பாரை இழுக்க இடக்கையில் வலுவில்லை. டயர் டியூப் துண்டு ஒன்றை ஹேண்டில்பாரில் கட்டி, மறுமுனையைப் பல்லால் கடித்து இழுத்தபடி மலையேறினார்; பந்தயத்தின் முடிவில் இரண்டாமிடம் பெற்றார். உலகம் இன்றும் வியக்கிறது. நாமும் வியப்போம், ஆனால் பின்பற்ற வேண்டாம். அவருக்குப் பின்னால் ஒரு குழுவும் மருத்துவரும் இருந்தனர். நம்மவருக்குப் பின்னால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் நிற்கின்றன. இரண்டாம் முறை முறிந்தால் தாங்கும் சக்தி அவர்களுக்கு இல்லை.

மீண்டும் சைக்கிள் ஏறுவது எப்போது? நாட்காட்டி மட்டும் இதைத் தீர்மானிக்காது. எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் உயர்த்த முடிய வேண்டும். சுவரில் இரு கையையும் ஊன்றி உடற்பாரத்தைத் தாங்கினால் வலிக்கக் கூடாது. திரும்பிப் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க இயல வேண்டும். பிரேக்கை இறுகப் பிடிக்க முடிய வேண்டும். ஏனெனில் பிரேக் பிடிக்கும் கணத்தில் உடலின் பாரம் முன்னோக்கி வந்து தோளில்தான் இறங்குகிறது. இவ்வளவும் தேறி, மருத்துவரும் இசைந்த பின்னரே தெருவில் இறங்கலாம். முதலில் வெறும் வண்டி. பிறகு பாதிச் சுமை. முழுச் சுமை கடைசியில். சுமையை இரு பக்கமும் சமமாகப் பிரித்தல் நலம். முதுகு வளைந்து கைமேல் சாயாதபடி ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்துவதும் உதவும். மழையில் பள்ளம் தெரியாத தண்ணீரில் இறங்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது கௌரவக் குறைவாகாது.

அறிய வேண்டிய உரிமைகள்

பேசின் பிரிட்ஜிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்டான்லி மருத்துவமனை வடசென்னைத் தொழிலாளர்களின் அடைக்கலம். தொழிற்சாலைகளில் நசுங்கிய கைகளைச் சீராக்கும் கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமியின் முயற்சியால் அங்கே வளர்ந்தது. கையைத் தைப்பதோடு நில்லாமல் அதை மீண்டும் வேலைக்குப் பழக்குவதும் மருத்துவமே என்று அது நாட்டுக்கு உணர்த்திற்று.

சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தமிழக அரசு 2021இல் தொடங்கியது. அதே ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், தேவைப்படுவோருக்கு வீட்டுக்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிப்பதும் அடங்கும். நம் நண்பர் இதை முன்பே அறிந்திருந்தால் எட்டு வாரம் வீணாகியிராது. இ.எஸ்.ஐ. காப்பீடு உள்ள தொழிலாளர் வேலைக்குச் செல்லும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்துற்றால், அதையும் பணிக்கால விபத்தாகக் கருத 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வழி செய்தது. தற்காலிகமாக வேலை செய்ய இயலாத நாட்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு கிடைக்கும். ஆகவே விபத்து நடந்த நேரம், இடம், சாட்சி ஆகியவற்றைக் குறித்து வைப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பங்குனி மாதத்தில் ஒரு காலை நம் நண்பர் மீண்டும் பாலத்தருகே தென்பட்டார். கேரியரில் இரண்டு கேன்கள் மட்டும். "மீதி ரெண்டு?" என்று கேட்டோம். "அடுத்த மாசம் பார்க்கலாம், டாக்டர் இவ்வளவுதான் சொல்லியிருக்காரு" என்று சிரித்தார். வருமானம் பாதிதான், வீட்டில் அதற்கேற்பச் செலவைச் சுருக்கியிருக்கிறார்கள். பொங்கலுக்குப் பூச வேண்டிய வெள்ளையும் அவ்வீட்டுச் சுவரில் ஒரு பக்கம் ஏறவில்லை. கரிக்கோடுகள் மாடப்பிறை வரை ஏறி நிற்கும் அந்தப் பக்கத்தை அழிக்க மனமில்லை என்கிறார் அவர் மனைவி.

வாசகர்களே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ தோளைக் கட்டித் தொங்கவிட்டபடி ஒருவர் அமர்ந்திருக்கலாம். "இன்னும் சரியாகவில்லையா?" என்று கேட்டு அவரை அவசரப்படுத்த வேண்டாம்; "அசைக்காதே" என்று அச்சுறுத்தவும் வேண்டாம். மருத்துவரிடம் செல்லும் நாளில் துணைக்குச் சென்று வாருங்கள். முடிந்தால், சுவரில் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.