தகவல் துளி: மேசைமேல் மாரிக்குப்பம்

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பத்துக்கு ரயில் வந்தது 1894-இல். அந்தப் பாதையை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கி மேசைமேல் அமைக்கலாம். தாதுக்கல் வண்டிகள்தான் அதற்கு உயிர். ஒரே ஒரு வண்டியைக் கையால் நுணுக்கமாகச் செய்யுங்கள். சிறு பெட்டிக்குள் வைத்து, அதன்மேல் சிலிகான் ரப்பரை ஊற்றி இறுகவிட்டு, வண்டியை வெளியே எடுத்தால் அச்சு தயார். அச்சுக்குள் ரெசினை நூல்போல மெல்ல ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் காற்றுக்குமிழ் புகுந்து, பாடுபட்டுச் செதுக்கிய ரிவெட் தலைகளெல்லாம் காணாமல் போகும். பிறகு அதே அச்சில் பல வண்டிகளை வார்க்கலாம். தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவுமேடான சயனைடு மலைக்குச் சலித்த வெளிர்மணல் போதும்.

சுரங்கம்தான் மேசைக்குள் அடங்காது. நம் அப்பாக்கள் கூண்டில் இறங்கிய சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினாலும், மேசைக்குக் கீழே 34 மீட்டருக்கு மேல் தோண்ட வேண்டும்!