ஹீட்டர் விசிறி நின்றுபோனால்: பழைய பிக்கப் வண்டி வைத்திருப்போருக்கு

இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் பருவம் ஜூலை மாதம் தொடங்கி அக்டோபர் வரை நீள்கிறது. ரோஹ்ரு, கோட்காய், நார்கண்டா பகுதித் தோட்டங்களிலிருந்து பெட்டிகளை ஏற்றிக்கொண்டு சிம்லா, சோலன் வழியாகப் பர்வானு சந்தைக்கு இறங்கும் வாகனங்களில் பிக்கப் வண்டிகளுக்குத் தனி இடம் உண்டு. பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து, கடன் தவணைகள் யாவும் தீர்ந்த பின்னும் ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளையும் அவற்றுள் காணலாம். அப்பருவத்தின் முற்பாதி மழைக்காலம். சுமார் 2,700 மீட்டர் உயரத்திலுள்ள நார்கண்டாவில் மேகம் சாலை மீதே இறங்கிவிடும். அவ்வேளையில் முன்கண்ணாடியின் உட்புறம் வெண்படலம் பூத்தால், அடுத்த வளைவு எங்கே தொடங்குகிறது என்பதே புலப்படாது. அப்படலத்தை நீக்கித் தருவது டேஷ்போர்டுக்குள் மறைந்திருக்கும் ஒரு சிறு விசிறி. நீலகிரியிலிருந்து காய்கறி இறக்கும் நம் வாசகர்களுக்கும் இது பழக்கமான செய்தியே.

ஹீட்டர் என்பது குளிருக்கு இதம் தரும் வசதி மட்டுமே என்று எண்ணுவது சரியன்று. நம் மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் பட்டு நீர்த்துளிகளாகப் படிகிறது. வெளிக்காற்றைச் சூடாக்கினால் அதன் ஒப்பு ஈரப்பதம் குறையும். அக்காற்று கண்ணாடி மீது வீசும்போது துளிகளை உறிஞ்சிக்கொள்கிறது. இதற்குக் காற்று வெளியிலிருந்து வரவேண்டும். உட்காற்றையே சுழலவிடும் நிலையில் நெம்புகோல் இருந்தால், விசிறி எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் படலம் மேலும் தடிக்கும். ஆகவே பழுது என்று முடிவு செய்யுமுன் அந்த நெம்புகோலை ஒருமுறை பார்த்துக்கொள்வது நன்று.

இனி விசிறியின் மின்பாதையைப் பார்ப்போம். பேட்டரியிலிருந்து வரும் மின்சாரம் ஃபியூஸ், ரிலே, வேகத்தைத் தேர்ந்தெடுக்கும் சுவிட்ச், ரெசிஸ்டர் எனப்படும் மின்தடை, மோட்டார் ஆகியவற்றைக் கடந்து எர்த் வழியாகத் திரும்புகிறது. வண்டிக்கு வண்டி வரிசை சற்று மாறலாம், உறுப்புகள் இவையே. சுவிட்சின் தாழ்ந்த வேகங்களில் மின்சாரம் ரெசிஸ்டரின் கம்பிச்சுருள்கள் வழியே சென்று வலுக்குறைந்து மோட்டாரை அடைகிறது. உச்ச வேகத்தில் மட்டும் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராகச் செல்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், பழுது எங்கே என்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே பெரும்பாலும் ஊகிக்கலாம்.

உச்ச வேகத்தில் மட்டும் விசிறி சுற்றுகிறது, மற்ற வேகங்களில் அசைவில்லை என்றால், மோட்டாரும் ஃபியூஸும் நலமாகவே உள்ளன, ரெசிஸ்டர்தான் அறுந்திருக்கிறது. பழைய வண்டிகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் பழுது இதுவே. ஆயினும் பட்டறைகளில் முதலில் கழற்றப்படுவது மோட்டாராகவே இருப்பதுண்டு. ரெசிஸ்டரின் விலை சில நூறு ரூபாய். மோட்டாரின் விலை சில ஆயிரம். இதற்கு மாறாக, தாழ்ந்த வேகங்கள் யாவும் சரியாக இருந்து உச்ச வேகம் மட்டும் இல்லையெனில், சுவிட்சின் கடைசித் தொடுமுனையையோ, உச்ச வேகத்துக்கெனத் தனி ரிலே இருந்தால் அதையோ ஐயுற வேண்டும்.

ரெசிஸ்டர் ஏன் அறுகிறது என்பதையும் கேட்க வேண்டும். மின்சாரத்தைக் குறைக்கும் வேலையில் அது கடுமையாகச் சூடேறும். அச்சூட்டைத் தணிப்பதற்காகவே அதைக் காற்றுக்குழாயின் உள்ளே, விசிறியின் காற்றுப் படும்படி பொருத்தியிருக்கிறார்கள். தோட்டத்து மரங்களின் கீழ் நிற்கும் வண்டிகளில் சருகுகள் காற்றுவாய் வழியாக உள்ளே விழுந்து, காற்றோட்டத்தை அடைத்துவிடும். தணிப்பாரில்லாத ரெசிஸ்டர் வெந்துபோகும். மற்றொரு காரணம் முதுமையடைந்த மோட்டார். அதன் உருளைத்தாங்கிகள் இறுகிவிட்டால் அது வழக்கத்தை விட அதிக மின்சாரத்தை இழுக்கும். கனெக்டரின் நெகிழி பழுப்பேறியோ உருகியோ இருப்பின் அதற்கு இதுவே அடையாளம். அந்நிலையில் ரெசிஸ்டரை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் புதியதும் கருகும். உருகிய கனெக்டரையும் சேர்த்து மாற்றி, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள். பொதுவாக உச்ச வேகத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரை இழுக்கும். வண்டியின் கையேட்டில் அளவு தரப்பட்டிருந்தால் அதுவே முடிவானது.

சில ரெசிஸ்டர்களில் வெப்ப ஃபியூஸ் ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அளவு மீறிச் சூடானால் அது அறுந்து, நெருப்பைத் தடுக்கும். அதற்குக் குறுக்கே செப்புக் கம்பியை வைத்துப் பற்றவைத்துத் தருவோர் உண்டு. அதை ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது.

எந்த வேகத்திலும் விசிறி அசையவில்லை எனில் ஃபியூஸிலிருந்து தொடங்குக. அது நலமாக இருந்தால், விசிறிக்கான ரிலேயை வண்டியிலுள்ள அதே வகை ரிலே ஒன்றுடன் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதன் பின் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, சுவிட்சை உச்சத்தில் வைத்து, அங்கு மின்சாரம் வருகிறதா என டெஸ்ட் லேம்பால் பார்க்க வேண்டும். நம் நாட்டு வண்டிகளில் மோட்டார் பெரும்பாலும் இடப்பக்க டேஷ்போர்டின் கீழ், பயணியின் கால்மாட்டில் இருக்கும். விளக்கு எரிந்தும் மோட்டார் சுற்றாவிட்டால் மோட்டாரே குற்றவாளி. அதன் உடலை மெல்லத் தட்டியவுடன் சுற்றத் தொடங்கினால், உள்ளே கார்பன் பிரஷ்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். சில நாள் ஓடும், பிறகு நிற்கும்.

எர்த் தொடர்பைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். விசிறியை உச்சத்தில் இயக்கி, மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரின் எர்த் கம்பியிலும் மறு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால், துருப்பிடித்த எர்த் போல்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்வதோடு வேலை முடிந்துவிடலாம். முன்கண்ணாடியின் ரப்பர் வெடித்து, மழைநீர் டேஷ்போர்டுக்குள் கசியும் வண்டிகளில் இத்துரு மிகுதி. கம்பிகளைக் கழற்றுமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும், நின்ற உடனே ரெசிஸ்டரைத் தொட்டால் கை வெந்துவிடும் என்பதையும் சொல்லத் தேவையில்லை, எனினும் சொல்லிவைக்கிறேன்.

ஃபியூஸ் திரும்பத் திரும்ப எரிந்தால், பெரிய ஃபியூஸ் போடுவது தீர்வாகாது. 20 ஆம்பியருக்கென அமைந்த கம்பியில் 30 ஆம்பியர் ஃபியூஸைச் செருகினால், அடுத்த முறை எரிவது கம்பியாக இருக்கும். வங்கிப் பணியில் இருப்பவன் என்ற முறையில் இங்கே ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வழக்கமான மோட்டார் காப்பீட்டில் சொந்தச் சேதப் பிரிவு, தீயினாலும் தானாகத் தீப்பற்றுவதாலும் நேரும் இழப்பை ஏற்கிறது. தேய்மானத்தையும் மின்பழுதையும் ஏற்பதில்லை. எனவே விசிறி பழுதுக்கான செலவு உங்களுடையதே. கடன் நிலுவையில் உள்ள காலத்தில் வங்கி முழுமையான காப்பீட்டை வலியுறுத்துகிறது. கடன் தீர்ந்ததும், செலவைக் குறைக்க எண்ணி, மூன்றாம் நபர் காப்பீட்டோடு நிறுத்திக்கொள்வோர் பலர். அத்தகைய வண்டி கம்பி கருகி எரிந்தால் ஒரு ரூபாயும் திரும்ப வராது. வயது கூடக் கூட மின்கம்பிகளின் உறையும் தளர்கிறது என்பதை எண்ணிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

விசிறி சுற்றும்போது கரகரவென ஓசை எழுந்தால் சருகோ, எலி கட்டிய கூடோ காரணமாக இருக்கலாம். மோட்டாரைக் கழற்றித் துடைத்தால் போதும். கீச்சென்ற ஓசை உருளைத்தாங்கி உலர்ந்ததைக் காட்டும்.

விசிறி நன்றாகச் சுற்றியும் குளிர்ந்த காற்றே வந்தால், பழுது மின்சாரத்தில் இல்லை. எஞ்சினிலிருந்து சூடான கூலன்ட் ஹீட்டரின் சிறு ரேடியேட்டருக்கு வரவில்லை. எஞ்சின் ஆறிய பிறகு கூலன்ட் அளவைப் பாருங்கள். சூட்டில் மூடியைத் திறக்கலாகாது. அளவு சரியாக இருந்தால், தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கலாம், அல்லது வால்வை இயக்கும் கேபிள் கழன்றிருக்கலாம். ஹீட்டருக்குச் செல்லும் குழாய்கள் இரண்டில் ஒன்று சூடாகவும் மற்றது குளிர்ந்தும் இருப்பின் உள்ளே அடைப்பு என அறியலாம். காற்றில் இனிப்பான மணமும் கண்ணாடியில் எண்ணெய் போன்ற பிசுபிசுப்பும் தென்பட்டால் கூலன்ட் கசிகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது.

பட்டறையில் வண்டியை விடும்போது, "விசிறி ஓடவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில் ஓடுகிறது, எதில் ஓடவில்லை, தட்டினால் ஓடுகிறதா, மணம் வருகிறதா என்று சொல்லுங்கள். கழற்றிய பழைய உறுப்பைக் கேட்டு வாங்குங்கள். பருவத்தின் நடுவே இரண்டு நாள் வண்டி நின்றால் இழக்கும் வாடகை, இந்த உறுப்புகளின் விலையை எளிதில் மிஞ்சும். ஜூன் மாதத்திலேயே நான்கு வேகங்களையும் இயக்கிப் பார்த்துவிடலாம்.

வழியில் விசிறி நின்றுவிட்டால், இரு பக்கக் கண்ணாடிகளையும் இரண்டு விரற்கடை இறக்கி வையுங்கள். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறும். ஏசி உள்ள வண்டியிலும் இதே விசிறிதான் காற்றை வீசுகிறது என்பதால் அதை நம்பிப் பயனில்லை. ஓடும்போதே கையால் துடைப்பதை விட, ஒதுங்கி நின்று உலர்ந்த துணியால் துடைப்பது மேல். ஹீட்டர் இல்லாத இரவில், கரி அடுப்பைக் கேபினுக்குள் வைத்துக் கதவை மூடிக்கொண்டு உறங்க வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவருக்கு அது தெரியவே தெரியாது. அத்தகைய இரவில் இன்னொரு கம்பளி போதும்.