கூடாரத்துக்குள் அதிரசம் வேண்டாம்

தெப்பக்காடு சோதனைச்சாவடிக்குச் சற்று முன்னால் ஒரு கார் ஓரங்கட்டி நின்றிருந்தது. பின் இருக்கையில் எவர்சில்வர் தூக்கு, அதில் ஊரிலிருந்து பாட்டி சுட்டுக் கொடுத்தனுப்பிய அதிரசம். ஆறு வயதுப் பெண் பாதியைப் பிய்த்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள். குரங்கு அந்தப் பாதியோடு நிற்கவில்லை. உள்ளே கைவிட்டுத் தூக்கையே இழுத்தது. இழுபறியில் குழந்தையின் மணிக்கட்டில் நகம் பட்டு ரத்தம் துளிர்த்தது. "ஒரு கீறல்தானே" என்று டிஷ்யூ பேப்பரால் துடைத்துவிட்டார் அப்பா.

முதுமலை, வால்பாறை, மேகமலை என்று கூடாரம் போட்டுத் தங்கப் போகிறவர்கள் டார்ச், கம்பளி, கொசுவர்த்தி எல்லாவற்றையும் யோசிக்கிறார்கள். பட்சண டப்பாவை யாரும் யோசிப்பதில்லை. என்னைக் கேட்டால், பையில் இருப்பவற்றில் ஆபத்தானது அதுதான். வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் சேர்ந்த வாசனையை டப்பா மூடி தடுக்காது. யானையின் மோப்பத்துக்கு முன் கூடாரத் துணி ஒரு பொருட்டே இல்லை. குன்னூர், கோத்தகிரி பக்கம் கரடிகள் கடைக் கதவை உடைத்து எண்ணெயையும் தின்பண்டத்தையும் காலி செய்வது அடிக்கடி வரும் செய்தி. வால்பாறையில் யானைகள் ரேஷன் கடைச் சுவரையே இடிக்கின்றன.

அமெரிக்கக் காடுகளில் உணவுப் பையை மரக்கிளையில் கட்டித் தொங்கவிடுவார்கள். வீடியோவில் பார்த்துவிட்டு இங்கேயும் சிலர் முயல்கிறார்கள். நம் கரடி மரமேறும். கிளைக்கு எட்ட யானைக்குத் துதிக்கையும் இருக்கிறது. தின்பண்டத்தைத் தூங்குமிடத்தில் வைக்காமல், விடுதியின் சமையற்கட்டு போன்ற உறுதியான கட்டடத்துக்குள் கொடுத்து வைப்பதே வழி. சாப்பிட்ட கையை, குழந்தையின் வாயைக் கழுவிவிட்டுப் படுங்கள். மிச்சத்தைக் காட்டில் கொட்டாமல் ஊருக்கே எடுத்து வாருங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, சரணாலயத்துக்குள் விலங்கைச் சீண்டுவதையும் குப்பை போடுவதையும் தடுக்கிறது. அதே சட்டம் 'வேட்டை' என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் இரை காட்டி இழுப்பதும் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. "ராத்திரி யானை காட்டுகிறோம் சார்" என்று பலாப்பழமும் உப்பும் போட்டு வைக்கும் விடுதி, உங்களை மகிழ்விக்கவில்லை. உங்களையும் சேர்த்து வம்பில் மாட்டுகிறது. அப்படி எங்காவது கண்டால் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில், தனியார் விடுதி ஒன்றின் கூடார முகாமில் தங்கியிருந்த பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. பிறகுதான் மாவட்ட நிர்வாகம் அந்த விடுதியை மூடியது. எனவே முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: கூடாரம் போட உரிமம் உண்டா, இடம் யானை வழித்தடத்தில் இருக்கிறதா, இரவில் காவலுக்கு யார்? நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே முதல் கேட்கப்படும் இ-பாஸ், வண்டி மலையேறத்தான். காட்டுக்குள் போக அது அனுமதிச் சீட்டு ஆகாது. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்த பின்னர், மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. வனத்துறையே 2024 அக்டோபரில் 40 பாதைகளை ஆன்லைன் முன்பதிவுக்குத் திறந்திருக்கிறது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டில் நுழைந்து அடிபட்டவர் நிவாரணம் கேட்டுப் போனால், முதலில் அவர்மேல்தான் வழக்கு நிற்கும்.

சொன்ன பாதுகாப்பைத் தராத விடுதியைச் சும்மா விடவேண்டியதில்லை. ரசீது, விளம்பரப் படம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வழியில் வாங்கும் 'ஹோம் மேட்' சாக்லேட்டுக்கும் சட்டம் பொருந்தும். வீட்டில் செய்து விற்பவரும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். பொட்டலத்தில் 14 இலக்கப் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் இல்லாவிட்டால் வாங்காதீர்கள்.

இனி அந்தக் கீறல். குரங்கின் பல்லோ நகமோ பட்டு ரத்தம் வந்தால் ரேபிஸ் அபாயம் உண்டு என்றே கொள்ள வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ காப்பித்தூளோ வைக்காதீர்கள். அன்றே தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாட்களில் மீதி ஊசிகள், ஒன்றையும் விடாமல். ரத்தக் காயமென்றால் இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். அது காயத்தைச் சுற்றிப் போடப்படுவது. நோய் முற்றி அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

அந்த அப்பாவிடம் கூடலூர் அரசு மருத்துவமனைக்கு வழி சொன்னேன். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கறோம் சார்" என்று வண்டியை எடுத்துவிட்டார். நீங்கள் அப்படிப் போய்விடாதீர்கள். அரசு மருத்துவமனையில் அந்த ஊசிக்குக் காசு கிடையாது.